டப்பாவில் இருந்தது என் சளி

எங்கள் தெருவில் பாதி வீட்டில் கடிகாரம் கிடையாது. என் அப்பாவின் இருமல்தான் கடிகாரம். விடியற்காலை ஐந்தரைக்கு முதல் இருமல் கிளம்பும். அதைக் கேட்டுத்தான் எதிர்வீட்டு அத்தை எழுந்து வாசல் தெளிக்கும். அப்பா வாசற்படியில் குந்தி, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர இருமுவார். அடுத்து ஒரு பீடியைப் பற்ற வைப்பார். "பீடி குடிச்சாத்தான் சளி எளகும்" என்பார். எங்கள் ஊரில் இதை நம்பாத ஆம்பிளையே இல்லை. பத்து இழுப்பு இழுத்ததும் கொழகொழவென்று கொஞ்சம் சளி வந்துவிடும். "பாத்தியா?" என்பது போல என்னைப் பார்ப்பார். என்னத்தைச் சொல்ல!

செந்துறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தாத்தா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலிதான். அப்பாதான் முதல்முதலாக மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சுண்ணாம்புக்கல் பள்ளத்துக்கு வேலைக்குப் போனவர். சாயங்காலம் புருவமெல்லாம் வெள்ளையாகத் திரும்பி வருவார். மூக்கைச் சிந்தினால் அதுவும் வெள்ளையாக வரும். இருமல் அங்கே பிடித்ததா, பீடியில் பிடித்ததா என்று அப்போது யார் யோசித்தார்கள். உழைக்கிற ஆம்பிளை இருமத்தான் செய்வான் என்று விட்டுவிட்டோம்.

எழுபத்தொன்பதோ எண்பதோ, எனக்குப் பத்தொன்பது வயது நடந்தது. அந்த மார்கழியில் அப்பாவின் இருமல் மாறிப்போனது. காலையோடு நிற்காமல் பகலெல்லாம் இருமினார். சளி பச்சையாக வந்தது. சைக்கிளை மிதிக்க முடியாமல் தள்ளிக்கொண்டே வந்தார். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் பூனை கத்துவதுபோல் ஒரு சத்தம். அம்மா ஆடாதொடை இலையைக் கொதிக்க வைத்துக் கொடுத்தது. கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் சுட வைத்து நெஞ்சில் தேய்த்தது. எதற்கும் மசியவில்லை.

அம்மா ஒரு நாள் அடுப்படியில் வைத்து என்னிடம் மெல்லக் கேட்டது. "ஏண்டி, 'அது'வா இருக்குமோ?"

'அது' என்றால் டி.பி. எங்கள் வீட்டில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். பின்தெருவில் ஒருவருக்கு 'அது' வந்திருந்தது. அவரை மாட்டுக் கொட்டகையில் தனியாகக் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். தனித் தட்டு, தனி லோட்டா. சோற்றை எட்ட நின்று தள்ளிவிடுவார்கள். அவருக்கு இரண்டு தங்கச்சிகள். இரண்டும் என்னைவிட மூத்தவை, இரண்டுக்கும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் டீக்கடையில் விசாரித்துவிட்டு அப்படியே பஸ் ஏறிப் போய்விடுவார்கள்.

எனக்கும் அப்போது பாடாலூரிலிருந்து ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்று பேசிய உறவுக்காரர் ஒருவர் வந்து, "மாப்ள வூட்ல ஒரு வார்த்த கேட்டாங்க. பொண்ணோட அப்பா ஏன் இப்புடி இருமுறாருன்னு" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்தார். அப்பா சிரித்தார். சிரித்ததும் இருமல் வந்தது. வாயில் துண்டை வைத்து அடைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினார். அவர் அப்படி ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. 

அந்த நேரம் பார்த்து எனக்கும் இருமல் பிடித்தது. முதலில் தொண்டை கரகரத்தது, இரண்டு நாள் காய்ச்சல், பிறகு நெஞ்செல்லாம் எரிச்சல், கட்டிக் கட்டியாகச் சளி. எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. அப்பாவிடமிருந்து தொற்றிவிட்டது, அவ்வளவுதான், நாமும் கொட்டகைதான் என்று முடிவு கட்டிவிட்டேன். அம்மாவுக்குத் தெரியாமல் என் தட்டை நானே தனியாகக் கழுவி வைத்தேன்.

கடைசியில் அம்மா ஒற்றைக்காலில் நின்று எங்கள் இரண்டு பேரையும் அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற்றி அனுப்பியது. அங்கே இருந்த டாக்டருக்கு முப்பது வயசுதான் இருக்கும். ஆனால் பொறுமையான ஆள். அப்பாவின் முதுகில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு என்னைக் கேட்டார்.

"எத்தன நாளா இருமல்?"

"பத்து நாளுங்க சார்."

"அவருக்கு?"

"பத்து வருஷங்க சார்."

டாக்டர் சிரிக்கவில்லை. "ஏம்மா, ரெண்டு பேருக்கும் மூச்சுக்குழாய்லதான் கோளாறு. பிராங்கைட்டிஸ்னு சொல்லுவோம். ஆனா உனக்கு வந்தது விருந்தாளி. ரெண்டு மூணு வாரம் தங்கிட்டுத் தானா கெளம்பிடும். அவருக்கு வந்தது குடியேறிடுச்சு மாதிரி இருக்கு. வேற எதுவும் இருக்கான்னு பாக்கணும்" என்றார்.

எனக்கு மருந்தே எழுதவில்லை. சுடுதண்ணீர் நிறையக் குடி, ஆவி பிடி, அவ்வளவுதான். ஊசிகூடக் கிடையாது! அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய் ஒரு ஊசி போடாமல் திரும்புவதா? எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம். இந்த ஆள் படித்தாரா இல்லையா என்று மனசுக்குள் வைதேன். இந்த இருமலுக்கு ஊசியும் வேண்டாம், கேப்சூலும் வேண்டாம், பொறுமைதான் மருந்து என்று எனக்கு உறைக்க வெகுகாலம் ஆயிற்று.

அப்பாவுக்கு நிறைய எழுதினார். சளி பச்சையாக இருப்பதால் ஏழு நாளைக்குக் கேப்சூல். மூச்சு இழுப்புக்குச் சின்ன வெள்ளை மாத்திரை. அதைப் போட்டால் கை நடுங்கும், பயப்பட வேண்டாம் என்றார். கொண்டுபோன பாட்டிலில் கம்பவுண்டர் மருந்துத் தண்ணீரை ஊற்றி, எவ்வளவு குடிக்க வேண்டுமென்று தெரிய வெட்டுப் போட்ட காகிதப் பட்டையை அதில் ஒட்டிக் கொடுத்தார். வேலையில் மூக்கு வாயைத் துணியால் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள், பீடியை விடச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் அப்பா "சரிங்க சார், சரிங்க சார்" என்று தலையாட்டினார். கடைசியாக டாக்டர் மூடி போட்ட ஒரு சின்ன டப்பாவை எடுத்து நீட்டினார். அதில் அப்பாவின் பெயர் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது.

"காலைல எழுந்ததும் வாயக் கொப்பளிச்சிட்டு, நல்லா ஆழமா இருமி, நெஞ்சுலேர்ந்து வர்ற சளிய இதுல துப்பிக் கொண்டாங்க. எச்சில் வேணாம். டி.பி. இருக்கான்னு பாத்துருவோம். இருந்தாலும் மருந்து இருக்கு, ஒழுங்காச் சாப்பிட்டா கொணமாயிடும்."

இவ்வளவு சாதாரணமாக அந்தப் பெயரைச் சொல்லிவிட்டார். நான் அப்பா முகத்தைப் பார்த்தேன். பேயறைந்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை அம்மா குளத்துக்குப் போன நேரம். அப்பா டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கதவைச் சாத்தினார். பட்டப்பகலில் எங்கள் வீட்டுக் கதவைச் சாத்தி நான் பார்த்ததே இல்லை.

"பாப்பா, நீ துப்பு."

எனக்குப் புரியவில்லை. "என்னப்பா?"

"உனக்கும் சளி இருக்குதுல்ல. நீ இதுல துப்பிக் குடு. சீட்டுல என் பேரு இருக்கு. உள்ள யாருது இருந்தா என்ன?"

"டாக்டர் உங்களதுதானப்பா கேட்டாரு!"

"கேப்பாரு. நாளைக்கு 'அது'ன்னு ஒரு சொல்லு வெளிய வந்துச்சுன்னா ஆஸ்பத்திரிலேர்ந்து வூட்டுக்கே வந்து விசாரிப்பாங்க. ஊரு பூரா தெரிஞ்சுபோயிடும். ஒன்ன எவன் கட்டுவான்? பின்தெருவுல பாத்தில்ல? நான் கொட்டாயில கெடந்து செத்தாலும் பரவால்ல. ஒன் கல்யாணம் முடியட்டும். ஒன் காலுல வுழறேன் ஆயி."

அப்பா என்னை அடித்திருக்கிறார், ஏசியிருக்கிறார். கெஞ்சியது கிடையாது. கெஞ்சுகிற அப்பாவைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட இன்னொரு பயமும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. எனக்கும் அந்தக் கல்யாணம் வேண்டியிருந்தது. டப்பாவை வாங்கினேன். இருமித் துப்பினேன். மூடியை இறுக்கி மூடிவிட்டு மூலையில் உட்கார்ந்து அழுதேன். அப்பா டப்பாவைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அரியலூர் பஸ் ஏறினார்.

நாலைந்து நாளில் சீட்டு வந்தது. கிருமி இல்லை. அப்பா அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டீக்கடையிலெல்லாம் காட்டினார். சம்பந்தம் பேசியவரைக் கூப்பிட்டு அவரிடமும் காட்டினார். பாடாலூருக்குச் சேதி போய், தை பிறந்ததும் நிச்சயம் என்று ஆனது. அம்மா ஊரிலிருந்த சாமிக்கெல்லாம் தேங்காய் உடைத்தது.

எனக்கு மட்டும் தெரியும், அந்தச் சீட்டு என்னைப் பற்றியது. அப்பா நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. எனக்கு இருமல் விட்டுப்போயிற்று, டாக்டர் சொன்ன மாதிரியே, தானாக. அவர் இருமல் போகவில்லை. கேப்சூல் நாலாம் நாளே நின்றுவிட்டது. சளியில் பச்சை குறைந்ததும், "மிச்சத்த அடுத்த தபாவுக்கு வெச்சுக்கலாம்" என்று கேப்சூலையெல்லாம் ஒரு தகர டப்பாவில் போட்டு உத்திரத்தில் சொருகி வைத்துவிட்டார். வெள்ளை மாத்திரை போட்டால் உளி பிடிக்கிற கை நடுங்குகிறதாம், அதையும் விட்டார். பீடியை மட்டும் விடவில்லை.

அவர் இருமும்போதெல்லாம் எனக்கு அந்தச் சீட்டுதான் நினைவுக்கு வரும். அந்த டப்பாவில் நான் துப்பாமல் இருந்திருந்தால் இந்நேரம் சரியான மருந்து கொடுத்திருப்பார்களே என்று நினைப்பேன். டி.பி.க்கு மருந்து இருக்கிறது, ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகும் என்று டாக்டரே சொல்லியிருந்தார். அது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு எனக்கு நிச்சயப் புடவை எடுக்கப் போனேன். சீ, என்ன பொண்ணு நான்!

பொங்கல் முடிந்த மூன்றாம் நாள். அப்பா துப்புவதற்குக் கொட்டாங்கச்சியில் சாம்பல் போட்டு வைத்திருப்போம். அதைக் கொட்டிக் கழுவுவது என் வேலை. அன்று காலை சாம்பல்மேல் கிடந்த சளியில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது. நூல் மாதிரி. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.  அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். "வெத்தல போட்டேன்" என்றார். அப்பா வெற்றிலை போடுகிற ஆளே இல்லை.

நிச்சயத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. சொன்னால் கல்யாணம் போகும். சொல்லாவிட்டால் அப்பா போய்விடுவார்.  மறுநாள், ரவிக்கை தைக்கக் கொடுக்கிறேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு அரியலூருக்குப் பஸ் ஏறினேன். பஸ்ஸில் யார் இருமினாலும் திரும்பிப் பார்த்தேன்.

டாக்டர் முன்னால் நின்று அப்பாவின் பெயரைச் சொன்னேன். பிறகு ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். "சார், அந்த டப்பாவுல இருந்தது என் சளிங்க சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "என்னம்மா சொல்ற?"

எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணம், பின்தெரு, சாத்திய கதவு, சிவப்புக் கோடு. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தினார்தான். "படிக்காத ஜனங்கன்னா கூடப் பரவால்ல, நீ பத்தாவது வரைக்கும் படிச்சவ!" என்று மேசையைத் தட்டினார். கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார். பிறகு டாக்டரே தணிந்து, "நல்லவேளை வந்த. அவர ஊசி போடறதுக்குன்னு சொல்லிக் கூட்டிட்டு வா. மூணு நாள், மூணு டப்பா. மூணும் என் கண்ணு முன்னால" என்றார்.

ஊசி என்றதும் அப்பா நம்பி வந்தார். டாக்டர் அறையில் டப்பாவைப் பார்த்தவுடன் அவருக்கு விளங்கிவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று நாளும் முதல் பஸ்ஸில் போய், டாக்டர் முன்னால் வாய் கொப்பளித்து, இருமித் துப்பினார். நாலாம் நாள் நெஞ்சுப் படம் எடுக்கப் பெரம்பலூருக்கு அனுப்பினார்கள். பக்கத்துப் பக்கத்துச் சீட்டில்தான் உட்கார்ந்து போனோம். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். "அப்பா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றேன். துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். கட்டின வீட்டை இடித்தவள் மாதிரி இருந்தது எனக்கு.

முடிவு தெரிகிற அன்று நிச்சயத்துக்கு இரண்டு நாள்தான் பாக்கி. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேப்பமரம். அப்பா அதோடு நின்றுவிட்டார். அன்றுதான் என்னிடம் பேசினார். "நீ போயிக் கேட்டுட்டு வா. எனக்குக் காலு வரல."

உள்ளே போனேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 

"டி.பி. இல்லம்மா" என்றார்.

அப்பாவிடம் சொல்ல வாசல் பக்கம் திரும்பிவிட்டேன். 

"இரு, முழுசாக் கேளு. இது நாள்பட்ட பிராங்கைட்டிஸ். இருமி இருமித்தான் அந்த ரத்தம் வந்துருக்கு. உள்ள குழாயெல்லாம் தடிச்சுப்போச்சு. அது திரும்ப பழையபடி ஆகாது. மாத்திர குடுக்கறேன், இழுப்பு கொறையும். சளி பச்சையானா உடனே வரணும், கேப்சூல முழுசா முடிக்கணும். ஆனா எல்லாத்தவிடப் பெரிய மருந்து பீடிய விடறதுதான். இன்னிக்கே விட்டா இருக்கறதாவது மிஞ்சும். கல்லுத் தூசியும் ஆகாது, வேற வேல பாத்துக்கணும். இல்லேன்னா கொஞ்ச வருஷத்துல நாலு அடி நடக்க மூச்சுக்கு அல்லாடுவாரு. டி.பி.ய நான் கொணமாக்கிடுவேன். இத என்னால கொணமாக்க முடியாது. புரியுதா?"

"புரியுதுங்க சார்" என்றேன்.

புரிந்தது. சத்தியமாகப் புரிந்தது. ஒரு வார்த்தை விடாமல் இன்றைக்கும் ஒப்பிப்பேன். ஆனால் வராந்தாவில் ஓடி வந்தபோது, மரத்தடியில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்ற அந்த மனுஷனைக் கண்டதும், எனக்கு வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"ஒண்ணும் இல்லப்பா! ஒண்ணும் இல்ல!"

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். நானும் அழுதேன். அப்புறம் அவர் சட்டைப்பையைத் தடவிப் பீடியை எடுத்து வாயில் வைத்தார். உரசியதில் இரண்டு குச்சி ஒடிந்தது. அத்தனை நாளாக எனக்கு முகம் கொடுக்காதவர், பீடியை வாயில் வைத்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் தீப்பெட்டியை வாங்கி உரசி, காற்றுக்குக் கையால் மறைத்துப் பிடித்து, பற்ற வைத்தேன்.

பஸ்ஸில் வரும்போது சொன்னேன். "பீடிய விடச் சொன்னாருப்பா. கல்லு வேலையும் ஆகாதாம்."

"எல்லா டாக்டரும் அதத்தான் சொல்லுவாங்க, போ" என்றார். வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார். நிச்சயத்துக்கு எத்தனை பேர் வருவார்கள், பந்திக்கு வடை போடலாமா பாயசம் போதுமா என்றெல்லாம். நான் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று விட்டுவிட்டேன்.

கல்யாணம் ஜோராக நடந்தது. அப்பா இன்னும் ஐந்து வருஷம் பள்ளத்துக்குப் போனார். பிறகு சைக்கிளை விற்றார். பிறகு டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். ஒவ்வொரு மார்கழிக்கும் நெஞ்சு அடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்து வருவார். வரும்போது போனதைவிடக் கொஞ்சம் குறைந்துதான் வருவார். அம்மா கண்ணை மூடிய பிறகு பாடாலூருக்கு என் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன்.

அவரால் படுக்க முடியாது. படுத்தால் மூச்சு முட்டும். கட்டிலில் உட்கார்ந்து, மடியில் தலையணை வைத்து, அதில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டே இருப்பார். கட்டிலிலிருந்து கொல்லைக்குப் போக நடுவில் இரண்டு இடத்தில் நிற்பார். பீடியை அப்போது விட்டுவிட்டார். இழுக்க மூச்சு இல்லை.

ஒரு நாள் காலை கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வாய் விழுங்கிவிட்டுக் கையைக் காட்டி நிறுத்தினார். ரொம்ப நேரம் மூச்சு வாங்கினார். உதடு நீலம் பாரித்திருந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக இழுத்துப் பிடித்துக் கேட்டார்.

"ஏன் பாப்பா... அன்னிக்கு டாக்டர்... ஒண்ணும் இல்லேன்னுதானே... சொன்னாரு?"

டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. அது நான் சொன்னது. பத்து வருஷமாக அதை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் இருந்த கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"ஆமாப்பா" என்றேன். "அப்படித்தான் சொன்னாரு."